கிணறும் பாதையும்: உச்சிப்புளி பக்கம் ஒரு வீடு வாங்கியதன் நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரத்தில் கட்டடப் பொறியாளராக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புது வீடு கட்டித் தருவதைவிட, கட்டி நிற்கிற வீட்டை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை இப்போது அதிகமாகிவிட்டது. மதுரையிலும் சென்னையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வளைகுடா நாடுகளில் இருந்து திரும்பியவர்கள் என்று பலரும் "கடல் பக்கமா, சத்தம் இல்லாத ஊரா, சின்னதா ஒரு வீடு" என்று கேட்டு வருகிறார்கள். என் பெரியப்பா மகனும் அப்படித்தான் கேட்டார். மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் மதினியும் மட்டும்தான். பிள்ளைகள் வெளியூரில்.

2024 ஏப்ரலில் அந்த வீட்டை முதல் தடவை பார்த்தோம். 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் பத்திரம் பதிவானது. நடுவில் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் என்ன பார்த்தோம், எதை எதைத் தவறவிட இருந்தோம் என்று முழுக்க எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் சொல்லவில்லை. நூறு வீடுகூட இல்லாத ஊர் அது. பெயர் சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

ஊரும் வீடும்

ராமேஸ்வரம் போகிற நெடுஞ்சாலையில் உச்சிப்புளி தாண்டி வடக்கே திரும்ப வேண்டும். தென்னந்தோப்பு, நடுவில் கருவைக் காடு, அப்புறம் மணல். கடைசியில் பாக் நீரிணை. நாங்கள் அதை வடகடல் என்போம். மன்னார் வளைகுடா தென்கடல். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக்கொண்டு இருக்கும்போது வடகடல் ஊருணி மாதிரி கிடக்கும். வாடைக் காற்று திரும்பியதும் கதை மாறிவிடும். வடகடல் ஓரம் வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வருகிறார்கள். அலையே இல்லாத கடலைப் பார்த்து மனம் சொக்கி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அண்ணனும் ஏப்ரலில் அந்த நிலையில்தான் இருந்தார்.

வீடு ஆறரை சென்ட் நத்தத்தில். பின்னால் அதை ஒட்டி பதினாலு சென்ட் புஞ்சை, அதில் இருபத்திரண்டு தென்னை. 1970களில் கட்டிய ஓட்டு வீடு ஒன்று, அதற்கு முன்னால் 1996-ல் ஒட்டிக் கட்டிய தளம் போட்ட இரண்டு அறை. ஓர் உறைக்கிணறு. கடலோரத்தில் இருந்து சுமார் 310 மீட்டர். கேட்ட விலை 30 லட்சம். "பட்டா கிளியர் சார், நாளைக்கே முடிச்சிரலாம்" என்றார் தரகர்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியை எந்த வழக்கறிஞரும் ஒழுங்காகச் செய்து தருவார். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதல் எடுத்தோம். அதற்கு முந்தைய காலத்துக்கு மனு போட்டு வாங்கினோம். 1998-ல் புஞ்சையை வைத்து வாங்கிய ஒரு கடன் அடைபட்டிருந்தது, ஆனால் அடைத்ததற்கான ரசீது பதிவாகவில்லை. வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நின்றது. ரசீதுப் பத்திரம் பதிந்து அதை நேராக்க ஏழு வாரம்.

பட்டா, விற்கிற வீட்டு ஆத்தா பேரிலும் அவருடைய மூத்த மகன் பேரிலும் இருந்தது. ஆத்தாவின் வீட்டுக்காரர் 2009-ல் உயில் எழுதாமல் இறந்தவர். வாரிசுச் சான்றில் ஐந்து பேர்: ஆத்தா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். பட்டாவில் பேர் இல்லை என்பதால் மகள்களின் பங்கு எங்கேயும் போய்விடாது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகவே பங்கு கொடுக்கிறது. "கட்டிக் குடுத்த பிள்ளைக, அவுக கேக்க மாட்டாக" என்று மூத்த மகன் சொன்னதை அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மகள்களும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் என்று சொல்லிவிட்டார்.

இளைய மகன் குவைத்தில். வெளிநாட்டில் குடியிருப்பவர் விற்பவராக இருந்தால், விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வாங்குகிறவர்தான் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதனால் அவர் தன் பங்கை முதலில் ஆத்தாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்குத் தன் அண்ணனான மூத்த மகனுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வந்தது. அப்படி வருகிற பத்திரத்துக்கு இந்தியாவில் கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கவரைப் பிரித்துப் பீரோவில் வைத்துவிட்டு, "பதிவு அன்னைக்குக் கொண்டு வரலாம்" என்று இருந்து காலக்கெடுவைத் தாண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தட்டிப் பார்த்தது

மே மாதம் இரண்டாவது முறை போனபோது சுத்தியலும் உளியும் கொண்டு போனேன். ஊரே புதுக் கட்டடத்தை நல்லது என்றும் ஓட்டு வீட்டைப் பழசு என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. தரகர் விலையைக்கூட தளம் போட்ட சதுரடியை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

ஏணி போட்டு, தளத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனேன். சுவர் ஓரம் கெட்டியான சத்தம். நடுப்பகுதி வந்ததும் காலிப் பானையைத் தட்டினது மாதிரி கேட்டது. புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்த இடத்தில் உளியை லேசாக வைத்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை கழன்று என் தோளில் விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக, வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. பத்து மில்லிமீட்டர் கம்பியாகப் போட்டது, செதிலை உதிர்த்துவிட்டு அளந்தால் ஆறுதான் இருந்தது. கீழே காரைப் பூச்சோடு சேர்த்தே முக்கால் அங்குலம்தான் மூடியிருந்தது.

காரணம் ஆத்தா வாயில் இருந்தே வந்தது. "அந்த வருசம் நல்ல தண்ணி லாரி வரல. நம்ம கெணத்துத் தண்ணிய ஊத்தித்தான் கலக்குனாக. மணலு கடற்கரையில அள்ளுனது." கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை 456. கடல் காற்று படும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரக் கலவை, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் என்பதும் அதில் இருக்கிறது. இங்கே உப்பு வெளியில் இருந்து மட்டும் வரவில்லை. கலக்கிய அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அப்படிப்பட்ட தளத்துக்கு மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். இடிப்பதுதான் வழி.

அப்புறம் ஓட்டு வீட்டுக்குள் போனேன். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய முக்காலடிச் சுவர். மேலே பனங்கை, அதன் மேல் சட்டம், ஓடு. ஒரு பனங்கையில் உளியை வைத்து அடித்தேன். உளி வழுக்கியது. இரண்டாவது அடிக்கும் கோடுதான் விழுந்தது. நன்றாக முற்றி வைரம் பாய்ந்த பனை. கரையான் சுவரில் ஏறிய தடம் ஓர் இடத்தில் இருந்தது, ஆனால் மரத்தைத் தொடவில்லை. எண்ணிப் பார்த்து நாற்பது ஓடு மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். கம்பியே இல்லாத வீட்டில் உப்புக் காற்றுக்குத் தின்ன ஒன்றுமில்லை. அன்றைக்கு அண்ணனிடம் சொன்னேன்: "அண்ணே, நீங்க வாங்கப் போறது பின்னால இருக்கிற வீட்டை. முன்னால இருக்கிறதுக்கு இடிக்கிற கூலியக் கழிச்சுத்தான் பேசணும்."

கிணறு

அதே மே மாதம், நல்ல வெயில் நாளில், கிணற்றுத் தண்ணீரை மீட்டர் வைத்துப் பார்த்தோம். வாளியில் இறைத்த முதல் தண்ணீர் கரைந்த உப்பு லிட்டருக்கு 880 மில்லிகிராம் காட்டியது. குடித்துப் பார்த்த அண்ணன், "பரவாயில்லையே" என்றார். குடிநீருக்கு 500 வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது நம் நாட்டுத் தரநிலை. அந்தக் கணக்கில் பரவாயில்லைதான்.

ஆனால் கடலோரக் கிணற்றை வாளித் தண்ணீரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டு ஓட விட்டேன். அரை மணியில் 1,460. ஒன்றரை மணியில் 2,300. நாக்கில் வைத்தால் கரித்தது.

மணல் பூமியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் எடையில் இருக்கிற வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும். மேலே ஓர் அடி இறைத்து இறக்கினால், கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, உட்கார்ந்து, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏன் அள்ளினார்கள் என்பதற்கு இதுதான் காரணம். ஊறுகிற வேகத்துக்கு மேல் அவர்கள் அள்ளவில்லை. இப்போது ஆழ்குழாய் போட்டு இரண்டு வருடத்தில் தோப்பையே காயவிட்ட இடங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. பக்கத்தில் இறால் பண்ணை வந்து, குட்டையில் நிற்கும் உப்புத் தண்ணீர் கசிந்து கிணறு கெட்ட ஊர்களும் உண்டு. அதனால் கிணறு பார்க்கப் போகிறவர்கள் சுற்றி அரை கிலோமீட்டர் நடந்துவிட்டு வர வேண்டும். இந்த ஊரில் பண்ணை இல்லை.

ஜனவரியில், மழைக்குப் பிறகு, அதே கிணறு 520 காட்டியது. ஆக, மோட்டாரை மாற்றி அரைக் குதிரைத்திறன், ஒரு நேரத்துக்கு இருபது நிமிடம், காலையும் மாலையும் என்று முடிவு செய்தோம். ஆழ்குழாய் கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய், அது வராத நாளுக்குத் தொட்டி. மதினி அங்கேயே கேட்டார், "தென்னைக்கு?" தென்னை இந்த உப்பைத் தாங்கும். இத்தனை வருடமும் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறது.

ஓடை

தோப்பின் கிழக்கு ஓரம் ஓர் ஓடை. மே மாதத்தில் பார்த்தால் சாதாரணப் பள்ளம். ஆனால் ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் அதற்குள் வரும். அகலம் நாற்பது மீட்டர் இருக்கும். அண்ணனுக்குத் தோப்பில் பிள்ளைகள் வந்தால் தங்க இரண்டு அறை கட்டும் ஆசை இருந்தது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்றதும் எல்லோரும் கடலில் இருந்து நாடா பிடித்து அளக்கிறார்கள். கிராமப்புறக் கரையில் உயர் ஓதக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை அந்த விதி வரும். அதில் முதல் 200 மீட்டர் புதுக் கட்டடம் கூடாத பகுதி. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊர்களுக்கு மட்டும் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்திருக்கிறது. 310 மீட்டரில் இருக்கிற வீட்டுக்கு அதனால் தடையில்லை. உயரம் 9 மீட்டருக்குள், தரையும் ஒரு மாடியும் என்ற கட்டுப்பாடு உண்டு. பலரும் விட்டுவிடுவது ஓடையை. கடல் ஏறி இறங்கும் ஓடைக்கும் கழிக்கும் தனியாக எல்லை இருக்கிறது: 2011 அறிவிக்கையில் 100 மீட்டர், 2019-ல் 50 மீட்டர், அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது. வறண்ட மாதத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை ஓதம் எட்டுவதாகக் கணக்கு. எந்த அறிவிக்கையை எடுத்தாலும் இங்கே நாற்பது மீட்டர். அளந்து பார்த்தால் தோப்பு முழுக்க அதற்குள் விழுந்தது. இரண்டு அறை ஆசை அன்றோடு போயிற்று. தோப்புக்குத் தோப்பு விலைதான் என்று பேச்சும் மாறியது.

தங்கிப் பார்த்தது

சத்தம் இல்லாத ஊர் என்று பகல் பதினோரு மணிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது. அண்ணனையும் மதினியையும் இரண்டு முறை, ஒவ்வொரு வாரம், ஊருக்குள் ஒரு வாடகை அறையில் தங்கச் சொன்னேன். ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை.

ஆடியில் கடல் அமைதி, காற்று அமைதியில்லை. சாப்பாட்டில் மணல் கடித்தது. கோயில் கொடைக்கு மூன்று நாள் குழாய் ஒலிபெருக்கி ஓடியது. அதிகாலை மூன்று மணிக்கு வள்ளங்களின் மோட்டார் சத்தம். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருப்பதால் பகலில் தலைக்கு மேல் விமானம் போகும். மதினி இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், "மதுரையில இருபத்தஞ்சு வருசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்தேன். இது சத்தமா?" என்று கேட்டார். அது அவர் முடிவு. இன்னொருவருக்கு மூன்று மணி மோட்டார் பொறுக்காமல் போகலாம்.

கார்த்திகை வாரத்தில்தான் எதிர்பாராதது நடந்தது. 2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பாம்பன், மண்டபம், எங்கள் பக்கம் எல்லாமே தண்ணீர். அண்ணன் அந்த வாரம் ஊரில் இருந்தார். மறுநாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். தளம் போட்ட முன் அறைகளில் ஒரு சாண் தண்ணீர். பின்னால் ஓட்டு வீட்டில் கடைசிப் படி நனைந்திருந்தது, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய ஆட்கள் மண்ணைக் கொட்டி மூன்றடி மேடாக்கிய பிறகு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் முன்பகுதியைத் தரை மட்டத்தில் ஒட்டிவிட்டார்கள். புதிதாகக் கட்டும் பகுதியின் பீடம் எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு அந்த ஒரு படம் பதில் சொல்லிவிட்டது.

பாதை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஊர்ச் சாலையில் இருந்து வீட்டுக்குப் போக அறுபது மீட்டர் மணல் பாதை. ஒன்பதடி அகலம், இரண்டு பக்கமும் தென்னை, வண்டித் தடம் நன்றாகப் பதிந்திருக்கும். முதல் நாளில் இருந்து அதில்தான் போய் வந்தோம். யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆகஸ்டில் நில அளவரோடு புலப்படத்தை (சர்வே எல்லை வரைபடத்தை) வைத்து எல்லைக் கல் தேடும்போதுதான் அவர் கேட்டார், "சார், வீட்டுக்குப் பாதை எங்க?"

புலப்படத்தில் பாதை இல்லை. நடந்து போன இடம் முழுக்கப் பக்கத்துத் தோப்புக்காரரின் புஞ்சை. மூலப்பத்திரத்திலும் "பாத்தியம்" என்று ஒரு வரி இல்லை. 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி இருபது வருடம் தடையில்லாமல் உரிமையாக நடந்திருந்தால் பாதை உரிமை கிடைக்கும். ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஓய்வுபெற்ற காலத்தில் அமைதி தேடி வந்த இருவர், வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டுக்கொண்டா இருப்பார்கள்?

மூத்த மகனிடம் கேட்டால், "நாப்பது வருசமா போறோம், யாரு என்ன சொல்லப் போறா" என்றார். தரகரும் அதையே சொன்னார். எனக்கு மனது ஒப்பவில்லை. மறுநாள் நானும் அண்ணனும் தோப்புக்காரர் வீட்டுக்குப் போனோம். எழுபத்தைந்து வயது இருக்கும். திண்ணையில் பனை ஓலைப் பெட்டிக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். பதநீர்ப் பருவம் முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டுவிட்டுக் கடுங்காப்பி கொடுக்கச் சொன்னார்.

பாதையைப் பற்றிக் கேட்டதும் அவர் உடனே பேசவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். "வாத்தியாரய்யா, கெணத்த என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "மதில் கட்டி, கேட் போட்டு, கிணத்துக்கு மேல கம்பி வலை போடலாம்னு இருக்கோம்யா" என்றார்.

"அப்ப எங்க வீட்டுக்குத் தண்ணி?"

பிறகுதான் முழு விவரமும் வந்தது. அவருடைய கிணறு 1980களிலேயே உப்பாகிப் போனது. அன்றில் இருந்து அவர் வீட்டுக்கு எங்கள் கிணற்றில்தான் தண்ணீர். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். அதே சமயத்தில்தான் இந்த வீட்டுக்கு அவர் தோப்பு வழியே பாதை விட்டார். இரண்டு குடும்பமும் கையடித்துப் பேசிக்கொண்டது. எழுத்து கிடையாது. ஆத்தா குடும்பத்துக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. காற்று மாதிரி அது அங்கே இருந்தது.

நாங்கள் இதைக் கேட்காமல் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. முதல் வாரம் மதில் எழும்பியிருக்கும். இரண்டாவது வாரம் பாதையில் கருவை முள் விழுந்திருக்கும். இரண்டு பேருமே தங்கள் பக்கம் நியாயம் என்றுதான் நினைத்திருப்பார்கள், இரண்டு பேருக்குமே நியாயம் இருந்திருக்கும். விற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சின்ன ஊரில் வீட்டோடு இப்படிப் பேச்சு வழக்கமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வில்லங்கச் சான்றில் அவை வராது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும். தரகர் வழியாகக் கேட்டாலும் வராது.

அண்ணன் அங்கேயே சொன்னார், "தண்ணிய எழுதிக் குடுத்துர்றோம்யா." பெரியவர் சிரித்தார். "எழுத்து எதுக்கு? ரெண்டு கொடம் தண்ணிக்கு எழுத்தா?" எழுத்து அவருக்காக மட்டும் இல்லை, அவர் பேரனுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். நாளை யாராவது ஒருவர் விற்றால் அடுத்து வருகிறவருக்கும் அது தெரிய வேண்டும். ஒரு வாரம் யோசித்தார். மகனோடு பேசினார். அப்புறம் ஒப்புக்கொண்டார். ஒன்பதடி அகலம், அறுபது மீட்டர் நீளம், ஆளும் வண்டியும் போய்வரப் பாதை உரிமை. அதற்கு ஈடாக அந்த வீட்டுக்குக் கையால் இறைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமை. நான்கு எல்லை, சர்வே எண், வரைபடம் எல்லாம் வைத்து ஒரே பத்திரமாகப் பதிவு செய்தோம். மோட்டார் வைத்து எடுப்பதில்லை என்று பெரியவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கிணற்றின் குணம் எங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

ஒரு சென்ட்

இதே மாதிரி இன்னொன்று தோப்பில் இருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு கல்பீடம், மஞ்சள் துணி சுற்றி. தூத்துக்குடியில் இருக்கிற இளைய மகள் கையெழுத்துப் போடத் தயங்கிக்கொண்டே இருந்தார். பணம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மதினி போனில் பேசியபோது அவர் அழுதிருக்கிறார். "மதினி, சிவராத்திரிக்கு நாங்க எங்க வந்து கும்பிடுவோம்?"

பீடத்தைச் சுற்றி ஒரு சென்ட்டை விற்பனையில் இருந்து விலக்கி, குடும்பத்தார் பேரிலேயே விட்டோம். வருடத்தில் வழிபாட்டு நாட்களில் தோப்பு வழியே வந்து போகலாம் என்று கிரயப் பத்திரத்தில் எழுதினோம். புஞ்சை பதிமூன்று சென்ட் ஆனது. அடுத்த வாரமே அந்தத் தங்கச்சி கையெழுத்துப் போட வந்துவிட்டார்.

விலையும் பதிவும்

23.5 லட்சத்துக்கு முடிந்தது. தளத்தை இடித்து, பீடம் உயர்த்தித் திரும்பக் கட்ட நான் போட்ட மதிப்பீடு, கட்ட முடியாத தோப்பு, விலக்கிய ஒரு சென்ட் மூன்றையும் காகிதத்தில் எழுதி ஆத்தா முன்னாலேயே பேசினோம். பத்திரத்தில் பாதி விலை காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று தரகர் ஒரு யோசனை சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார். நிலம் வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம், அது ஆத்தா தலையில் விழும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் 1,64,500 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 47,000. மொத்தம் 2,11,500. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பேரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது. சின்ன வீடு பார்க்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பதிவாகி மூன்று வாரத்தில், பிப்ரவரி 26, சிவராத்திரி. நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் குடும்பத்தோடு வந்தார்கள். குவைத்துக்காரர் வீடியோவில் கும்பிட்டார். பொங்கல் வைக்கத் தண்ணீர் எங்கள் கிணற்றில் இருந்துதான். ஆத்தா, மூத்த மகன் வீடு நாலு வீடு தள்ளித்தான் என்றாலும், அன்று ராத்திரி ஓட்டு வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். மதினி பாய் விரித்துக் கொடுத்தார்.

முன் அறைகளை மார்ச்சில் இடித்தோம். இன்னும் கட்டவில்லை. கட்டும் தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும் என்று நான் சொல்லிவிட்டதால் விலை பேசிக்கொண்டிருக்கிறார் அண்ணன். விலக்கிய ஒரு சென்ட்டுக்கு உட்பிரிவு மனு நில அளவரிடம் இருக்கிறது. மே மாதம் போய்க் கிணற்றை மறுபடி பார்த்தேன். அரைக் குதிரைத்திறன் மோட்டார் இருபது நிமிடம் ஓடிய பிறகு 1,040. நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியவரின் மருமகள் குடத்தோடு வந்தார். கிணற்று விட்டத்தில் இரண்டு கப்பி தொங்கியது. ஒரே கயிற்றுக்குக் காத்து நிற்க வேண்டாம் என்று மதினி உச்சிப்புளிச் சந்தையில் வாங்கி மாட்டியது.